முதல் ஜோடிக் காலுறை: நூல் வாங்குவதிலிருந்து விரல்முனை மூடுவது வரை

காலுறை பின்னத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், குதிகாலில் நின்றுவிட்டதாகத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் சிக்கல் அதற்கு வெகு முன்னரே, கடையில் நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கியிருக்கும். ஆங்கிலத்தில் கிடைக்கும் பேட்டர்ன்களில் (பின்னல் செய்முறைத் தாள்களில்) பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கடைகளில் விற்கும் நூலையும் ஊசியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கடைக்குப் போனால் நூலின் பருமன், ஊசியின் எண், கண்ணிகளின் (ஊசியில் விழும் நூல் வளையங்களின்) கணக்கு என ஒவ்வொன்றும் காலை இடறும். தமிழில் இவற்றை வரிசையாக எடுத்துச் சொல்பவர் யாரும் கிடைக்காமல் தட்டுத்தடுமாறிக் கற்ற பின்பு, அடுத்து வருபவருக்காவது இந்த அலைச்சல் மிச்சமாக வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கின் இன்பம் எங்கே இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது சுற்றிச் சுற்றி ஒரே மாதிரியாகப் போகும் வெறும் சுற்றுகளில்தான் இருக்கிறது. கை தானாக நகரத் தொடங்கிய பிறகு ரயில் பயணத்திலும், மருத்துவமனையில் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும்போதும், இரவில் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் வேலை தன்பாட்டில் வளர்ந்துகொண்டே போகும். கைப்பைக்குள் அடங்கிவிடும் வேறு எந்தக் கைவேலையும் இவ்வளவு பொறுமையாக உங்களுடன் வராது. அந்த நிலையைச் சீக்கிரம் எட்டுவதற்குத் தேவையானவற்றை மட்டுமே கீழே தருகிறேன்.

1. இரண்டு ஊசிப் பின்னலா, குரோஷேயா என்று முடிவு செய்யுங்கள்

குரோஷேயில் ஒரே ஒரு கொக்கி ஊசி. எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். கை நழுவினாலும் பிரிவது அந்த ஒரு கண்ணி மட்டுமே. ஆகவே கற்பதற்கு அது எளிது. நிட்டிங் எனப்படும் ஊசிப் பின்னலில் நாற்பது ஐம்பது கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசிகளில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் கீழ் வரிசைகள் வரை ஏணி போல இறங்கும். ஆனால் நிட்டிங் துணிக்கு இழுவைத்தன்மை அதிகம், பருமன் குறைவு. காலுறை பாதத்தைக் கவ்விப் பிடிக்கவும் செருப்புக்கோ ஷூவுக்கோ உள்ளே உறுத்தாமல் இருக்கவும் இந்த இரண்டு குணங்களும் வேண்டும். குரோஷேயிலும் காலுறை செய்யலாம், சிலர் மிக நன்றாகச் செய்கிறார்கள். எனினும் அது தடிமனாகவே வரும், வீட்டுக்குள் அணியத்தான் பொருந்தும்.

என் பரிந்துரை இதுதான்: காலுறைக்கு நிட்டிங்; மிச்சமாகும் நூலுக்குக் குரோஷே. இதற்கு முன் எதுவுமே பின்னியதில்லை என்றால், ஒரு வாரம் எளிய நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (அதன் மறுபக்கமான எதிர்க் கண்ணி) வரிசைகளை மட்டும் ஒரு சிறு சதுரத்தில் பழகிவிட்டு வாருங்கள். நிட், பர்ல் ஆகிய இரண்டு கண்ணிகளும் பார்க்காமலே கைக்கு வர வேண்டும். அதற்கு மேல் முன்தகுதி எதுவும் தேவையில்லை.

2. நூலை லேபிள் படித்து வாங்குங்கள்

உலகெங்கும் காலுறைக்கென்று விற்கப்படும் நூல் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் கலந்தது. ஜெர்மனியின் ஓபல், ரெகியா ஆகியவை இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். 100 கிராம் உருண்டையில் ஏறத்தாழ 420 மீட்டர் நூல் இருக்கும். கம்பளி இழுபட்டு மீளும், வியர்வையை உறிஞ்சும். நைலான் குதிகாலும் விரல்முனையும் தேய்ந்து ஓட்டையாகாமல் காக்கும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ வசிப்பவர்களுக்கு இது சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் இணையவழியாகத்தான் தேட வேண்டியிருக்கும், விலையும் கூடுதல்.

ஆனாலும் முதல் ஜோடிக்கு இந்த மெல்லிய நூல் வேண்டாம். அதில் ஒரு சுற்றுக்கு 64 கண்ணிகள் வரும், ஊசி 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும், வேலை நகர்வதே தெரியாது. டி.கே. (டபுள் நிட்டிங்) என்று லேபிளில் குறிக்கப்படும் நடுத்தர நூலை வாங்குங்கள். சில லேபிள்களில் இதே பருமன் 8 ப்ளை என்றோ, நூல் உருண்டைப் படத்துக்குள் 3 என்ற எண்ணாகவோ குறிக்கப்பட்டிருக்கும். 100 கிராமுக்கு 220 முதல் 250 மீட்டர் வரை இருந்தால் சரியான நூல். ப்ளை என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள்; அது எத்தனை இழைகள் முறுக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்வது, இழையின் பருமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிராமுக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்குதான் ஏமாற்றாது.

லேபிளில் பார்க்க வேண்டியவை மேலும் மூன்று. முதலாவது சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்): இரண்டு உருண்டைகள் வாங்கினால் இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும், இல்லையேல் பகல் வெளிச்சத்தில் இரண்டு காலுறைகளும் இரண்டு நிறமாகத் தெரியும். இரண்டாவது, கம்பளியாக இருந்தால் சூப்பர்வாஷ் என்ற குறிப்பு: அது இல்லாத கம்பளி சூடான நீரிலும் உராய்விலும் சுருங்கித் தடித்துவிடும். மூன்றாவது, நார்களின் விகிதம். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் லூதியானாவின் வர்த்தமான் போன்ற நிறுவனங்களின் நூல்களில் அக்ரிலிக்கே அதிகம். கற்பதற்கு அக்ரிலிக் முற்றிலும் போதுமானது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, இஸ்திரிப் பெட்டி பட்டால் தன் வடிவத்தை இழந்துவிடும். பருத்தி நூலைத் தவிர்த்துவிடுங்கள். நம் வெயிலுக்கு அதுதான் ஏற்றது என்று கடைக்காரர் சொல்வார், கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் பருத்தி இழுபட்டால் மீளாது, ஆகவே காலுறை கணுக்காலை விட்டுச் சரிந்துகொண்டே இருக்கும். வெயில் ஊரில் கம்பளிக் காலுறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களையும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களையும், குளிர்நாட்டில் படிக்கும் பிள்ளைகளையும் காட்டலாம்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு, அடர்நீலம் ஆகியவற்றில் இரவு விளக்கில் கண்ணி தெரியாது; ரோமம் சிலிர்த்து நிற்கும் நூலில் பகலிலும் தெரியாது.

3. ஊசியை மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள்

ஊசிக்கு மூன்று வகை எண்கள் புழக்கத்தில் இருப்பதுதான் புதியவர்களைக் குழப்பும் பெரிய பொறி. நம் வீடுகளில் பெரியவர்கள் பத்தாம் நம்பர் ஊசி என்று சொல்வது பழைய பிரிட்டிஷ் முறை. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடக் கூட ஊசி பருக்கும். பத்தாம் நம்பர் ஊசி என்பது 3.25 மில்லிமீட்டர், அதே ஊசிக்கு அமெரிக்க எண் 3. நான்கு மில்லிமீட்டர் ஊசி பிரிட்டிஷ் முறையில் 8, அமெரிக்க முறையில் 6. பேட்டர்னில் எந்த எண் இருந்தாலும் அதை மில்லிமீட்டராக மாற்றி எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

டி.கே. நூலில் காலுறை பின்ன 3.25 மில்லிமீட்டர், இருமுனை ஊசிகள் ஐந்து கொண்ட ஒரு செட் வேண்டும். நான்கு ஊசிகளில் கண்ணிகள் இருக்கும், ஐந்தாவதால் பின்னுவீர்கள். ஜெய்ப்பூரில் தயாராகும் நிட்புரோ ஊசிகள் இந்தியாவில் பரவலாகக் கிடைக்கின்றன. மரத்திலும் உலோகத்திலும் வருகின்றன. தொடக்கத்தில் மரம் அல்லது மூங்கிலை வாங்குங்கள். உலோக ஊசியில் நூல் வேகமாக வழுக்கும். பழகாத கையில் ஊசியே கண்ணிகளிலிருந்து உருவிக்கொண்டு தரையில் விழும். நீளம் 15 சென்டிமீட்டர் போதும். 20 என்றால் முனைகள் ஒன்றோடொன்று மோதும். நெகிழ்வான வடத்தால் இரு முனைகள் இணைந்த 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி ஒன்றிலேயே, வடத்தை வளையமாக வெளியே இழுத்துவிடும் மேஜிக் லூப் முறையில் பின்னுபவர்களும் உண்டு. இரண்டும் ஒரே காலுறையைத்தான் தரும். எது கைக்கு இதமோ அதை வைத்துக்கொள்ளலாம்.

கூடவே மழுங்கிய முனையும் பெரிய காதும் கொண்ட தையல் ஊசி ஒன்று, அளவு நாடா, சிறு கத்தரிக்கோல், சில ஊக்குகள் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணிகளுக்கிடையே இடம் குறிக்க ஸ்டிச் மார்க்கர் என்று தனியே விற்பதை வாங்கத் தேவையில்லை; வேறு நிற நூலில் முடிச்சிட்ட சிறு வளையமும் ஊக்கும் அதே வேலையைச் செய்யும்.

4. உடன் இருக்க வேண்டிய தாள்கள்

இந்தப் பொழுதுபோக்கிலும் ஆவணங்கள் உண்டு; அவை இல்லாததால்தான் இரண்டாவது காலுறை முதல் காலுறைக்கு இணையாக வராமல் போகிறது. மூன்று தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வேலையுடனேயே வைத்திருங்கள்.

பேட்டர்ன் முதல் தாள். இணையத்தில் இலவசமாக ஏராளம் உள்ளன. பின்னுபவர்களுக்கான ரேவல்ரி தளத்தில் பதிவு செய்துகொண்டால் நூலின் பருமன், ஊசியின் அளவு ஆகியவற்றைக் கொண்டு தேடவும் முடியும். அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், கைபேசித் திரை அணைந்து அணைந்து எரியும்போது வரிசைக் கணக்கு தவறும். முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனெனில் சில பேட்டர்ன்களில் "அதே நேரத்தில்" என்று தொடங்கும் குறிப்பு பத்து வரிகளுக்குப் பிறகுதான் வரும். விலை கொடுத்து வாங்கிய பேட்டர்னை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அதை எழுதியவரின் வருமானமே அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது தாள் நூலின் லேபிள். அதன் பின்னால் நூலின் சிறு துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள். நூல் தீர்ந்து மறுபடி வாங்கப் போகும்போதும், துவைக்கும் முறை மறந்துபோகும்போதும் இதுதான் சாட்சி.

மூன்றாவதுதான் முக்கியம்: உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கம். எத்தனை கண்ணிகள் ஏற்றினீர்கள் (தொடக்கத்தில் ஊசியில் போட்டீர்கள்), மேல் பட்டியில் எத்தனை சுற்றுகள், குதிகால் வரை எத்தனை, பாதத்தில் எத்தனை என்று முடிக்க முடிக்க எழுதுங்கள். சென்டிமீட்டரில் எழுதுவதை விடச் சுற்று எண்ணிக்கையாக எழுதுவது நம்பகமானது, ஏனெனில் பின்னிய துணியை இழுத்துப் பிடித்து அளப்பதும் தளர விட்டு அளப்பதும் ஒன்றாக வராது.

5. செலவும் காலமும்

விலைகள் கடைக்குக் கடையும் பருவத்துக்குப் பருவமும் மாறும்; ஆகவே கீழ்வருவதைத் தோராயக் கணக்காகவே கொள்ள வேண்டும். அக்ரிலிக் டி.கே. நூல் 100 கிராம் சுமார் 100 ரூபாயைச் சுற்றி இருக்கும். ஐந்து மர ஊசிகள் கொண்ட செட் சில நூறு ரூபாய். மற்ற சில்லறைப் பொருள்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். ஆக ஆயிரம் ரூபாய்க்குள் முதல் ஜோடி முடிந்துவிடும். வெளிநாட்டுக் கம்பளி நைலான் நூலில் இறங்கினால் நூலுக்கு மட்டுமே ஆயிரத்துக்கு மேல் ஆகும்; அதைக் கை பழகிய பின் வாங்குங்கள். ஊசி ஒருமுறைச் செலவு, நல்லதாகவே வாங்கலாம். நடுத்தர அளவுள்ள பெண்ணின் பாதத்துக்கு 100 கிராம் போதும். பெரிய பாதம், உயரமான கால் பகுதி என்றால் 150 கிராம் வாங்குவது பாதுகாப்பு. கண்கவரும் நூல்களைப் பார்த்து ஒரே நேரத்தில் ஐந்தாறு வாங்கிச் சேர்ப்பதை இப்போதைக்குத் தவிருங்கள்.

காலத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இங்கே நான் சொல்லும் முறையில் ஒரு காலுறையில் ஏறத்தாழ 5,500 முதல் 6,000 கண்ணிகள் வரை இருக்கும். புதியவர் நிமிடத்துக்குப் பத்து கண்ணிகள் போடுவார் என்று வைத்தால், ஒரு காலுறைக்குப் பத்து மணி நேரம். நாள்தோறும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஜோடி. பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்குடன் இரண்டு வாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு தேதியைக் குறியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குவது அவசியம். புதியவர்கள் ஊசியை இறுக்கிப் பிடிப்பதால் மணிக்கட்டும் கட்டைவிரலும் நோகும், வலியோடு தொடர்ந்தால் பல நாள் ஓய்வு எடுக்க நேரும்.

6. பாதத்தை அளந்து, மாதிரித் துண்டு பின்னுங்கள்

அளவுகள் இரண்டு போதும். பாதத்தின் மிக அகன்ற பகுதியின் சுற்றளவு ஒன்று. குதிகாலின் பின்புறத்திலிருந்து நீண்ட விரலின் நுனி வரை உள்ள நீளம் இன்னொன்று. நின்ற நிலையில் அளக்க வேண்டும், உட்கார்ந்து அளந்தால் குறைவாக வரும்.

அடுத்து, அதே நூலிலும் அதே ஊசியிலும் 40 கண்ணிகள் ஏற்றி, வட்டமாக இணைத்து, ஒரு சிறு குழாயாக எட்டு சென்டிமீட்டர் உயரம் பின்னுங்கள். தட்டையான சதுரமாகப் பின்னி அளப்பது காலுறைக்குச் சரிப்படாது. தட்டையில் பர்ல் வரிசைகள் வருகின்றன, பலருக்குப் பர்ல் கண்ணி நிட் கண்ணியை விடத் தளர்வாக விழும், ஆகவே கணக்கு பொய்த்துவிடும். குழாயை நனைத்துக் காயவைத்த பிறகு ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணி, பத்து சென்டிமீட்டருக்காக அதை இரட்டிப்பாக்குங்கள். 24 வந்தால் நான் கீழே தரும் எண்கள் அப்படியே பொருந்தும். 22தான் வருகிறது என்றால் ஒரு படி மெலிந்த ஊசிக்கு மாறுங்கள். காலுறைத் துணி நெருக்கமாக இருந்தால்தான் நெடுநாள் உழைக்கும்.

கணக்கு இவ்வாறு போகும்: பாதச் சுற்றளவு 22 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டருக்கு 2.4 கண்ணிகள், பெருக்கினால் 52.8. காலுறை பாதத்தை விடப் பத்து சதவீதம் சிறிதாக இருந்தால்தான் கவ்விப் பிடிக்கும். ஆகவே பத்து சதவீதம் கழித்தால் 47.5. நான்கால் வகுபடும் அருகிலுள்ள எண் 48. பாதம் 24 சென்டிமீட்டர் என்றால் புதியவர் கணக்கையெல்லாம் மாற்றாமல், அதே 48 கண்ணிகளை 3.5 மில்லிமீட்டர் ஊசியில் பின்னிக்கொள்ளலாம்.

7. மேல் பட்டியும் கால் பகுதியும்

நூலை முதலில் தராசில் வைத்து இரு சம உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் காலுறையைச் சற்று நீளமாகப் பின்னிவிட்டு இரண்டாவதுக்கு நூல் போதாமல் திண்டாடுவது இதனால் தவிரும்.

48 கண்ணிகளை ஏற்றும்போது இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் ஏற்றுங்கள். பின்னர் ஒன்றை உருவிவிட்டால் விளிம்பு தளர்வாக இருக்கும். இறுகிய விளிம்பு குதிகாலைத் தாண்டி ஏறாது, முழுக் காலுறையும் வீணாகும். கண்ணிகளை ஊசிக்குப் பன்னிரண்டாக நான்கு ஊசிகளில் பிரித்து மேஜையின் மீது சதுரமாக வைத்து, விளிம்பு எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் உட்புறம் நோக்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைக்க வேண்டும். முறுக்கோடு இணைத்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ஐந்து சென்டிமீட்டர் பட்டி பின்னுங்கள். பிறகு வெறும் நிட் சுற்றுகளாக மொத்தம் 15 சென்டிமீட்டர் வரும் வரை போகலாம். ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு மாறும் இடத்தில் கண்ணிகள் இடைவெளி விட்டு ஏணி போலத் தெரியக்கூடும். புதிய ஊசியின் இரண்டாவது கண்ணியைப் போட்ட பின் நூலை மெல்ல இழுத்தால் அது மறையும். முதல் கண்ணியிலேயே இழுத்தால் பயன் குறைவு.

தானாக நிறம் மாறும் நூல் வாங்கியிருந்தால் இந்தப் பகுதிதான் உங்களைத் தூங்கவிடாது. பச்சை முடிந்து மஞ்சள் தொடங்கப்போகிறது, அதைப் பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என நேரம் போகும். அந்த ஆவலை அடக்க வேண்டியதில்லை, இதற்காகத்தான் பின்னுகிறோம்.

8. குதிகால்: பகலில், அமைதியான இடத்தில்

இந்தப் பகுதியை மட்டும் பயணத்திலோ பேச்சினூடாகவோ செய்யாதீர்கள். தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் கிடைக்கும் பகல் பொழுதை ஒதுக்குங்கள். தொடங்கும் முன் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைத் தையல் ஊசியால் 48 கண்ணிகளின் ஊடாகவும் கோத்துவிடுங்கள். எங்கு பிசகினாலும் அந்த நூல் வரை பிரித்து மீண்டும் தொடங்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது.

பாதிக் கண்ணிகளான 24ஐ ஓர் ஊசிக்கு மாற்றி, மற்ற 24ஐ அப்படியே காத்திருக்க விடுங்கள். இந்த 24இல் முன்னும் பின்னுமாகத் தட்டையாக 24 வரிசைகள் பின்ன வேண்டும். வெளிப்பக்க வரிசையில், ஒரு கண்ணியைப் பின்னாமல் மறு ஊசிக்கு மாற்றுவது, அடுத்ததை நிட் போடுவது என இறுதிவரை. உட்பக்க வரிசையில் முதல் கண்ணியை மட்டும் பின்னாமல் மாற்றி, மீதி எல்லாம் பர்ல். இப்படிச் செய்தால் குதிகால் இரட்டைத் தடிமனாக அமைந்து தேய்மானத்தைத் தாங்கும். இரு ஓரங்களிலும் சங்கிலி போல 12 பெரிய கண்ணிகள் வரிசையாகத் தெரியும்.

இனி திருப்பம். வெளிப்பக்க வரிசையில் ஒன்றை மாற்றி, 14 நிட் போட்டு, அடுத்த இரண்டை இடப்பக்கம் சாயுமாறு சேர்த்து நிட் போட்டு, இன்னும் ஒரு நிட். ஊசியில் ஆறு கண்ணிகள் மிச்சமிருக்கும்போதே வேலையைத் திருப்பிவிடுங்கள். உட்பக்கத்தில் ஒன்றை மாற்றி, 7 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், மேலும் ஒரு பர்ல்; இங்கும் ஆறு மிச்சம், மீண்டும் திருப்புங்கள். இப்போது இரு பக்கமும் ஒரு சிறு இடைவெளி தெரியும். இனி ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை மாற்றி, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, இடைவெளியின் இருபுறமும் உள்ள இரண்டு கண்ணிகளைச் சேர்த்து, மேலும் ஒன்று போட்டுத் திருப்ப வேண்டும். மிச்சம் ஆறு, நான்கு, இரண்டு எனக் குறைந்து தீரும்போது ஊசியில் 16 கண்ணிகள் இருக்கும். அந்த எண் வரவில்லையென்றால் மேலே போகாமல், கோத்து வைத்த நூல் வரை பிரித்துவிடுங்கள்.

வரிசையின் நடுவில் திருப்பச் சொல்வது அச்சுப்பிழை என்றே பலருக்குத் தோன்றும். அது பிழையன்று, அந்தப் பாதி வரிசைகள்தான் தட்டைத் துணியைக் கிண்ணமாக வளைக்கின்றன. நான்காவது வரிசையிலேயே அது வளையத் தொடங்குவதைக் காண்பீர்கள். எத்தனை ஜோடி பின்னினாலும் இந்த இடத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி எனக்குக் குறைந்ததில்லை.

9. பாதமும் விரல்முனையும்

16 கண்ணிகளையும் நிட் போட்டு, ஓரச் சங்கிலியிலிருந்து 12 கண்ணிகளை எடுத்து, காத்திருந்த 24ஐப் பின்னி, மறு ஓரத்திலும் 12 எடுத்தால் மொத்தம் 64. மூலைகள் இரண்டிலும் ஓட்டை விழுவது வழக்கம். அங்கு கூடுதலாக ஒரு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியுடன் சேர்த்துவிட்டால் ஓட்டை அடைபடும். இனி ஒன்று விட்டு ஒரு சுற்றில், மேற்பாதத்தின் 24 கண்ணிகளுக்கு இரு புறமும், இரண்டைச் சேர்த்துப் பின்னி, ஒவ்வொன்று குறையுங்கள். எட்டு முறை குறைத்தால் மீண்டும் 48. அதன் பின் பாத நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர் குறைவாக இருக்கும் வரை நேராகப் போகலாம்.

விரல்முனையில் மேலே 24, கீழே 24 என்று பிரித்து, ஒவ்வொரு பாதியின் இரு ஓரத்திலும் ஒன்றாக, ஒரு சுற்றுக்கு நான்கு குறைய வேண்டும். ஒன்று விட்டு ஒரு சுற்றில் ஆறு முறை, 24 ஆனதும் தொடர்ந்து இரண்டு சுற்றுகளில், எஞ்சுவது 16. மேலே எட்டு, கீழே எட்டு. 40 சென்டிமீட்டர் வால் விட்டு நூலை வெட்டி, தையல் ஊசியால் இரு வரிசைகளையும் கிட்ச்னர் முறையில் இணைத்தால் தையல் இருந்த இடமே தெரியாது. முன் ஊசியில் நிட் போக்கில் நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல் போக்கில் நுழைத்து விடு. பின் ஊசியில் பர்ல் போக்கில் நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட் போக்கில் நுழைத்து விடு. தொடக்கத்தில் மட்டும், கழற்றாமல் முன்னதில் பர்ல் போக்கிலும் பின்னதில் நிட் போக்கிலும் ஒருமுறை நுழைக்க வேண்டும். இது முதல் தடவையில் மிரட்டினால் 16ஐ எட்டாகக் குறைத்து, நூலை எட்டின் ஊடாகவும் கோத்து இறுக்கி உள்ளே முடிந்துவிடுங்கள்; நன்றாகவே நிற்கும்.

10. இரண்டாவது காலுறையை அன்றே தொடங்குங்கள்

ஒற்றைக் காலுறையோடு நின்றுபோனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். முதலாவதை முடித்த அன்றே இரண்டாவதற்குக் கண்ணி ஏற்றி, பட்டியில் நான்கு சுற்றுகளாவது பின்னிவிட்டுத் தூங்குங்கள். கை இன்னும் அந்த அளவை மறந்திருக்காது. ஒரு மாதம் இடைவெளி விட்டால் இறுக்கம் மாறிவிடும், ஒரே எண்ணிக்கையில் பின்னினாலும் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும். குறிப்புத் தாளில் எழுதிய சுற்று எண்ணிக்கை இப்போதுதான் கைகொடுக்கும். இந்த இரண்டாவது முதலாவதை விடச் சற்று விரைவாக முடிவதையும் காண்பீர்கள்.

11. துவைப்பதும் வைத்திருப்பதும்

வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புடன் கால் மணி நேரம் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தால் நீளும். கம்பளியை அழுக்கோடு பெட்டியில் வைத்தால் பூச்சி வரும். துவைத்து முழுவதும் காய்ந்த பின் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஆற்றி வைப்பது நல்லது.

12. மிச்ச நூலுக்குக் குரோஷே

ஒவ்வொரு ஜோடியிலும் பத்து இருபது கிராம் மிஞ்சும். நான்கு மில்லிமீட்டர் கொக்கி ஊசி ஒன்று வாங்கி அதைச் சிறு சதுரங்களாக்குங்கள். ஒரு சதுரம் அரை மணிக்குள் முடியும், மாலைத் தேநீர் நேரத்துக்குச் சரியான வேலை. ஆறு சங்கிலிக் கண்ணிகள் போட்டு வளையமாக்கி, அதற்குள் மும்மூன்று கண்ணிகளாக நான்கு கொத்துகள், கொத்துகளுக்கு இடையே இரண்டிரண்டு சங்கிலிகள். அந்த நான்கு இடைவெளிகளே சதுரத்தின் மூலைகள். இங்கும் பேட்டர்ன் தாளில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க முறையில் டபுள் குரோஷே எனப்படுவதே பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். பிரிட்டிஷ் முறையின் டபுள், அமெரிக்க முறையில் சிங்கிள். பேட்டர்னில் சிங்கிள் என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் கண்ணி இல்லை. மேலே சொன்ன கொத்துகளுக்கு வேண்டியது அமெரிக்க டபுள்.

சதுரங்களை முடித்தவுடனேயே வால் நூல்களைத் தைத்து மறைத்துவிடுங்கள், சேர்த்து வைத்தால் நூறு வால்கள் சேர்ந்துவிடும். அக்ரிலிக் சதுரங்களையும் கம்பளிச் சதுரங்களையும் தனித்தனிப் பைகளில் வையுங்கள். இரண்டையும் ஒரே போர்வையில் இணைத்தால் துவைக்கும்போது வெவ்வேறு அளவில் சுருங்கி இழுத்துக்கொள்ளும்.